துணையாள் ஒருவர்

தாம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் மூத்த குடிமக்கள் டோக்கனில்தான் போகிறேன். அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பட்டணத்து பஸ்களில் இப்போது கொடுக்கிறார்களே, அந்த டோக்கன். அதையும் அடையாள அட்டையையும் நீட்டிவிட்டு, கண்டக்டர் அட்டையைத் திருப்பிப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் இன்றும் என் கை சட்டைப்பையில் சில்லறையைத் தேடும். என்னிடம் ஒரு தப்பும் இல்லை, வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் தேடும்.

ஒருநாள் நான் பழைய கண்டக்டர் என்று தெரிந்ததும் ஓர் இளைஞர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க டைம்ல பெருசுங்களுக்கு இந்த ஃப்ரீயெல்லாம் கெடையாது, இல்ல சார்? அப்போ வேலை நிம்மதியா இருந்திருக்கும்."

"இல்லைப்பா. தியாகிகளுக்கு மட்டும் பாஸ் இருந்துது" என்றேன். அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது. அவர் போய்விட்டார். மீதியை அவருக்குச் சொல்வதாக நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூன்று வருஷம் காத்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் வேலை கிடைத்தது. பயிற்சி பத்தே நாள். டிக்கெட் கட்டைத் தட்டில் அடுக்குவது, ஒவ்வொரு ஸ்டேஜிலும் எந்த எண் வரை கிழித்தோம் என்று இன்வாய்ஸில் எழுதி முடிப்பது, ஒரு விசிலுக்கு நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். அவ்வளவுதான் பாடம். பதினோராவது நாள் தோளில் தோல் பையை மாட்டி அனுப்பிவிட்டார்கள். நான் தினக்கூலிக் கண்டக்டர். குறிப்பிட்ட நாட்கள் கெட்ட பெயர் இல்லாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் ஆகும். நடுவில் ஒரு மெமோ வந்தாலும் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், அல்லது பட்டியலிலேயே இருக்காது. அதனால் அந்த நாட்களில் நான் தூங்கி எழும்போதே பயந்துகொண்டுதான் எழுவேன்.

எங்கள் கிளை மேலாளர் பெயர் தாமோதரன். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டிருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவனை முதலில் எதிரே ஸ்டூலில் உட்கார வைப்பார். அவன் எழுதிக் கொடுத்த அறிக்கையை அவனுக்கே வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது நீ பாத்ததா, கேட்டதா?" என்பார். கேட்டது என்றால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. படித்து முடிக்கும்போது பாதி அறிக்கை கோடாகியிருக்கும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அந்த ஸ்டூல் மட்டும் வேண்டாம் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

எனக்குக் கொடுத்த வழி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். ஒரகடம் கூட்டுரோட்டில் அப்போது ஒரு டீக்கடையும் இரண்டு புளியமரமும். அங்கே பஸ்ஸை நிறுத்தினால் ஏரிக்காற்று உள்ளே வரும். டிரைவர் காதர் பாய், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

செவ்வாயும் வெள்ளியும் வல்லக்கோட்டை நிறுத்தத்தில் ஒரு வயதான தம்பதி ஏறுவார்கள். பெரியவர் ஏகாம்பரம், கதர் வேட்டி, கதர் ஜிப்பா, நெட்டையான ஆள். நாற்பத்திரண்டு ஆகஸ்ட் போராட்டத்தில் தந்திக் கம்பியை அறுத்து ஜெயிலுக்குப் போனவர் என்று ஊரில் சொன்னார்கள். அவரிடம் தியாகி பாஸ் இருந்தது. 'துணையாள் ஒருவர் உட்பட' என்று அதில் அச்சடித்திருக்கும். துணையாள் அவர் மனைவி கன்னியம்மா. பாஸைத் துணிப்பையில் வைத்து இடுப்பில் செருகியிருப்பதும் அந்த அம்மாதான்.

பாஸ் வந்தால் கண்டக்டர் செய்ய வேண்டியது இது. பாஸ்காரர் நேரில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் படத்தோடு முகத்தையும், தேதியையும் சரிபார்க்க வேண்டும். எண்ணை இன்வாய்ஸின் பின்பக்கம் எழுதி, எங்கே ஏறினார், எங்கே இறங்குவார் என்று குறிக்க வேண்டும். துணையாள் இருந்தால் பக்கத்தில் 'து' என்று போட வேண்டும். பாஸ்காரர் இல்லாமல் துணையாள் மட்டும் வந்தால் அது டிக்கெட் இல்லாத பயணம். ஏற்றிய கண்டக்டருக்கு சார்ஜ் மெமோ.

ஏகாம்பரம் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலில் கர்வம் பிடித்தவர் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் நடு வழியில் எழுந்து, "வார்டன் எங்க?" என்று என்னைக் கேட்டார். கன்னியம்மா அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"அவருக்கு நெனப்பு தப்பிப் போச்சி தம்பி. ரெண்டு வருசமா இப்டித்தான். சில நேரம் வூடே ஜெயிலுன்னு நெனச்சிக்கினு கீறாரு."

"காஞ்சிபுரத்துல ஐயாவுக்குத்தான் வைத்தியமா?"

அந்த அம்மா முன் சீட்டைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத்தான் தம்பி. நெஞ்சு சளி. வாரத்துக்கு ரெண்டு ஊசி, ஒரு வருசம் வுடாம போடணுமாம். பஸ்ஸுல ஆருக்கும் சொல்லிடாத. பக்கத்துல ஒக்கார மாட்டாங்க."

எனக்குப் புரிந்தது. காசநோய். வைத்தியம் மனைவிக்கு, பாஸ் கணவருக்கு. மனைவி ஊசிக்குப் போவதற்காக, தான் எங்கே போகிறோம் என்றே தெரியாத ஒரு மனிதர் வாரம் இரண்டு முறை நாற்பது மைல் போய் வந்துகொண்டிருந்தார். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அம்மா இருமல் வந்த பிறகு வேலைக்கும் போகவில்லை. தியாகி பென்ஷன் இருவர் சாப்பாட்டுக்கே போதவில்லை. டிக்கெட் வாங்கிப் போக வழியே இல்லை.

அடுத்து நடந்ததை நான் இத்தனை வருஷத்தில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தாமோதரன் சாருக்கு மட்டும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கன்னியம்மா மட்டும் ஏறினார். பாஸைக் கையிலேயே எடுத்து வைத்திருந்தார்.

"ஐயா எங்கம்மா?"

"அவரால எய்ந்துக்க முடியல தம்பி. ரெண்டு நாளா காய்ச்சல். பக்கத்து வூட்டுல பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன். நான் மட்டும் போயி ஊசி போட்டுக்கினு அடுத்த வண்டியிலயே வந்துடறேன்."

அன்று காலையில்தான் டிப்போவில் ஒருவர் என் காதில் சொல்லியிருந்தார், இன்று உன் ரூட்டில் செக்கிங் இருக்கும் என்று. எனக்கு நிரந்தரம் ஆக ஐந்து வாரம் பாக்கி. பஸ் நின்றுகொண்டிருந்தது. காதர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பாஸ் ஐயா பேருல இருக்குதும்மா. ஐயா வந்தாத்தான் நீங்க துணை."

"அவரு வரலன்னா நான் ஆரு?"

"டிக்கெட் எடுங்க, இல்லன்னா எறங்கிக்கோங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மா படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் இரண்டு விசில் கொடுத்தேன்.

என் கைக்காசில் ஒரு டிக்கெட் கிழித்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றியபோது பஸ் வெகுதூரம் வந்துவிட்டது. ஒரகடத்தில் இரண்டு செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் கை காட்டி ஏறினார்கள். தலை எண்ணினார்கள், இன்வாய்ஸை வாங்கிப் பின்பக்கமும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். பிழைத்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு காஞ்சிபுரம் வரைகூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் நின்றிருந்தார்கள். ஏகாம்பரத்தைக் கன்னியம்மா ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். நான் இறங்கிப் போய்ப் பெரியவரின் கையைப் பிடித்தேன். சுட்டது.

"காய்ச்சல் வுடலையாம்மா?"

"போன ஊசி தவறிப்போச்சி. இன்னொண்ணும் தவறினா மொதல்லேந்து போடணும்னு முன்னாடியே சொல்லிக்கீறாங்க." என் மேல் கோபமே காட்டவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. பாஸை எடுத்துக் காட்டினார். எண்ணை எழுதி, பக்கத்தில் 'து' போட்டேன்.

வாலாஜாபாத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். கன்னியம்மா ஒரு டம்ளரோடு இறங்கினார். "அவருக்கு சூடா டீ வாங்கியாறேன் தம்பி. ஒரு கண்ணு வச்சிக்கோ." சரி என்று தலையாட்டினேன். அப்புறம் டைம் கீப்பர் அறையில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வந்தபோது அந்த சீட் காலி. கன்னியம்மா டம்ளரோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க தம்பி அவரு?"

பின் சீட்டில் இருந்தவர் சொன்னார். "பின்வாசல்ல எறங்கினாரே. ஒதுங்கப் போறாருன்னு நெனச்சேன்."

பஸ் நிலையத்துக் கழிப்பிடத்தில் இல்லை. டீக்கடையில் இல்லை. வரிசையாக நின்ற பஸ்களில் ஏறிப் பார்த்தேன், இல்லை. பத்து நிமிடம் இருபதானது. பயணிகள் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் கோர்ட், ஒருவர் வீட்டில் சாவு. அவர்கள் மேலும் தப்பில்லை. டைம் கீப்பர் வெளியே வந்து, "ட்ரிப் கட்டாச்சின்னா மெமோ உனக்குத்தான் ஏழுமலை. நிரந்தரம் ஆவப் போற நேரம்" என்றார்.

காதர் பாய் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையை வைத்தார். "விசில் உன்கிட்ட கீது. நீ ஊதாம நான் எடுக்க மாட்டேன். போய்த் தேடு."

நான் ஓடினேன். சந்தைக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அதற்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. அங்கிருந்து ரயில் நிலையம். கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அதன் சக்கரங்களுக்கு இடையில் அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ தரையில் கிடப்பது தெரிந்து தெரிந்து மறைந்தது. வண்டி முடிகிற வரை நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது நினைவில்லை. முடிந்ததும் பார்த்தால், தண்டவாள வேலைக்காரர் ஒருவர் காயப்போட்ட வேட்டி. அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

திரும்பியபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. டைம் கீப்பர் வேறொரு கண்டக்டரைப் பிடித்து வைத்திருந்தார். "இவரு வண்டிய எடுத்துனு போவாரு. நீ கூடவே ஏறிப் போனா சின்ன தப்பு. இங்கயே நின்னீன்னா டூட்டிய வுட்டுட்டுப் போனவன்."

கன்னியம்மா பஸ் நிலையத்தின் நடுவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே டம்ளர், டீ ஆடை கட்டிப்போயிருந்தது. அவர் அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாஸ் என்கிட்ட கீதே தம்பி. அவரை எவன் ஏத்துவான்?"

நான் பை, டிக்கெட் கட்டு, இன்வாய்ஸ் எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். காதர் பாய் கிளம்பும்போது, "வழி பூரா பாத்துனே போறேன்" என்றார்.

அப்புறம் நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு பஸ்ஸின் கண்டக்டரிடமும் போய்ச் சொன்னேன். "கதர் ஜிப்பா, நெட்டையா இருப்பாரு, பேர் கேட்டாச் சொல்ல மாட்டாரு, காய்ச்சல்." செங்கல்பட்டு வண்டி, உத்திரமேரூர் வண்டி, பட்டணத்து வண்டி. மூன்று மணி வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவை நிழலில் உட்கார வைத்தேன். அவருக்கு இருமல் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மூன்று மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு கண்டக்டர் என் வர்ணனையைப் பாதி கேட்டதுமே முகம் மாறினார்.

"அந்த ஆளா? காலைல என் வண்டிலதான் ஏறினாரு. டிக்கெட் கேட்டா மொறைக்கிறாரு. பாஸ் கீதான்னா பதில் இல்ல. டிக்கெட் இல்லாம வந்தா போலீஸ்ல புடிச்சிக் குடுப்பேன்னு சும்மா மெரட்டி எறக்கி வுட்டேன்."

"எங்க?"

"நடு வழியில. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மைல் முன்னாடி." கன்னியம்மா பக்கத்தில் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். "தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார்.

செங்கல்பட்டுக்குத் திரும்பும் அவருடைய வண்டியிலேயே போனோம். அவர் இறக்கிவிட்ட இடத்தில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் வயல், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய்க்கால் ஓரமாக நடந்தேன், கன்னியம்மா ரோட்டில் நடந்தார். அப்படியே ஒரு மைல் தூரத்தில் இருந்த காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். புகார் கொடுக்கலாம் என்றுதான் படியேறினேன்.

உள்ளே பெஞ்சில் ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு டீ, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

ஏட்டையா எழுந்து வந்தார். "உங்களுக்கு வேண்டியவரா? பத்தரை மணிக்கு அவராவே நடந்து வந்தாருப்பா. டிக்கெட் இல்லாம பஸ்ஸுல வந்துட்டேன், என்னைக் கைது பண்ணுங்கன்னாரு. போங்கய்யான்னா போவ மாட்டேங்கறாரு. ஜாமீன்ல போவ மாட்டாராம். பேரு கேட்டா, ரிமாண்டுக்கு அப்புறம்தான் சொல்லுவாராம்."

கன்னியம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எய்ந்துரு. வூட்டுக்குப் போலாம்."

"உத்தரவு வந்துதா?" என்றார் பெரியவர்.

கன்னியம்மா ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா என்னைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, மேஜையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் விறைப்பாக நின்றார். "ஐயா, உங்களை விடுதலை பண்ணியாச்சி. போலாம்."

பெரியவர் எழுந்து ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இவங்களையும் வுட்டுட்டாங்களா?" என்று மனைவியைக் காட்டிக் கேட்டார்.

அன்றும் ஊசி தவறிவிட்டது.

மறுநாள் காலை தாமோதரன் சார் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அறிக்கையை வீட்டில் மூன்று முறை எழுதிப் பார்த்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதே தட்டையான குரலில் படித்தார். நான் கையெழுத்துப் போடப் போனது, தேடியது, ஒப்படைத்தது எல்லாவற்றுக்கும் "பாத்ததா, கேட்டதா?" கேட்டுக் கடந்து வந்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"'கணவருக்குக் காய்ச்சல் இருந்தும் அந்த அம்மாள் பிடிவாதமாக அழைத்து வந்தார்.' பிடிவாதம். இது பாத்ததா, கேட்டதா?"

நான் அந்த வாக்கியத்தை எட்டிப் பார்த்தேன்.

"பிடிவாதமா வந்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் எழுதின?"

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு அவசரமே கிடையாது. வெளியே ஒரு பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள், வா வா என்று ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றதும் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், இரண்டு விசிலையும்.

"எழுது" என்றார்.

"எழுதினா வேலை போயிடுமா சார்?"

"விதிப்படிதான் எறக்கிவிட்ட. அதுக்கு வேலை போவாது. மறைச்சா போவும்."

வேறு தாள் கொடுத்தார். அவர் முன்னாலேயே எழுதினேன். அவர் அதையும் வாய்விட்டுப் படித்தார். 'டிக்கெட் எடுங்கள், இல்லாவிட்டால் இறங்குங்கள் என்றேன்' என்ற இடத்தில் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஆனால் எதுவும் கேட்கவில்லை. டூட்டியைப் பாதியில் விட்டதற்காக என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போடப்பட்டது. பரிந்துரையின் கீழே அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்ததாக ஆபீஸ் எழுத்தர் பின்னால் சொன்னார். பாஸ்காரர் நோயுற்றிருக்கும்போது துணையாள் தனியே போக விதியில் இடம் வேண்டும் என்று. மேலிடத்திலிருந்து அதற்குப் பதில் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்த செவ்வாய் வல்லக்கோட்டையில் யாரும் நிற்கவில்லை. வெள்ளியும் இல்லை. பஸ் அந்த நிறுத்தத்தை நெருங்கும்போதே நான் முன்படிக்கு வந்து நின்றுவிடுவேன். இரண்டு வாரம் அப்படிப் போனது. என் வார ஓய்வு நாளில் விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பெரியவர் காய்ச்சல் தெளிந்து கயிற்றுக் கட்டிலில் இருந்தார். கன்னியம்மா வெளியே வந்து, என்னை உள்ளே கூப்பிடாமல், வேப்பமரத்தடியில் சற்றுத் தள்ளியே நின்றார்.

"நான் போறதா இல்ல தம்பி. அவரை இஸ்துகினு போயி தொலைக்கறதுக்கா? இன்னொரு வாட்டி என்னால முடியாது."

"டிக்கெட்டுக்கு நான்..."

"வோணாம். வாரத்துக்கு ரெண்டு வாட்டி, ஒரு வருசம். அதுக்கெல்லாம் நான் ஒன்கிட்ட கை நீட்ட மாட்டேன்." அப்புறம் இருமினார். மரத்தைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம்.

அன்றே காஞ்சிபுரம் போனேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று டாக்டரைப் பார்த்தேன். நான் உறவா என்று கேட்டார். கண்டக்டர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பாஸ் விஷயத்தையும் ஊசி நின்றுபோனதையும் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். "இத்தனை தூரம் வரவே வேண்டாமே. பக்கத்து சுகாதார நிலையத்து நர்ஸ் ஊசி போடலாம். மருந்துதான் அங்கே இருக்காது. யாராவது இங்கேயிருந்து வாங்கிட்டுப் போகணும்" என்றார். இதை அந்த அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து மருந்து பஸ்ஸில் போனது. வாரம் ஒருமுறை இரண்டு சின்னப் புட்டி, பொடி மருந்து. பருத்தித் துணியில் சுற்றித் தோல் பையின் அடியில் வைப்பேன். அனுமதியில்லாத பொருளைப் பையில் வைப்பதும் மெமோவுக்குரிய தப்புதான். செக்கிங் ஏறும் நாட்களில் வியர்த்துக் கொட்டும். குழியில் பஸ் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பையைக் கையால் அணைத்துக்கொள்வேன். நான் விடுப்பில் இருந்தால் காதர் பாய் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். வல்லக்கோட்டையில் கன்னியம்மா ஜன்னலருகே வந்து கை நீட்டுவார். தவறிய ஊசிகளுக்காக முதலிலிருந்து தொடங்கினார்கள். பதிமூன்று மாதம் ஆனது. கடைசியாக ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கத் தம்பதியாக வந்தார்கள். அப்போது பெரியவரின் கையும் கன்னியம்மாவின் கையும் ஒரே துண்டால் கட்டப்பட்டிருந்தன.

எனக்கு நிரந்தரம் ஆகி மூன்றாம் வருஷம் ஏகாம்பரம் இறந்துபோனார். காரியம் முடிந்த சில நாட்களில் கன்னியம்மா நிறுத்தத்தில் நின்று, ஜன்னல் வழியாகப் பாஸை நீட்டினார்.

"இத ஒப்படைக்கணுமாமே தம்பி. கவர்மெண்டுக்கு வேண்டியது இந்த அட்டைதானே? அந்தப் படத்த மட்டும் எனக்குக் குடுக்கச் சொல்றியா? அவரு எடுத்துக்கினது அது ஒண்ணுதான்."

பாஸ்காரர் இறந்தால் பாஸை முழுதாக ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும். தாமோதரன் சார் மேஜையில் வைத்துவிட்டு, கேட்கவா வேண்டாமா என்று நின்றேன். கேட்டுவிட்டேன். அவர் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். படத்தின் ஓரமாக மெதுவாக, காகிதம் கிழியாமல், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்று பிரித்தெடுத்தார். பதிவேட்டில் எழுதினார்: 'பாஸ் பெறப்பட்டு ரத்து செய்யப்பட்டது. மனைவி கேட்டதால் புகைப்படம் பிரித்துக் கொடுக்கப்பட்டது.' கீழே கையெழுத்து.

"மேலேருந்து கேட்டா சார்?"

"கேட்டா, எழுதியிருக்கறத படிச்சிக் காட்டுவேன்."

மறுநாள் வல்லக்கோட்டையில் படத்தைக் கொடுத்தேன். கன்னியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னா மொறைப்பு பாரு. போட்டோக்காரன் பொழுதன்னிக்கும் ஒக்கார வச்சிட்டான், அந்தக் கோவம்." துணிப்பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பென்ஷன் விஷயமாகக் காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும் என்று படியேறினார். ஏறியதும் கை வழக்கம்போல இடுப்புப் பையைத் தேடிப் போய், நின்றது.

"காஞ்சிபுரத்துக்கு எவ்ளோ தம்பி?"

இத்தனை முறை போய் வந்த வழிக்கு அவருக்கு டிக்கெட் விலை தெரியாது. சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். நான் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்க வச்சிக்கணும்?"

"எறங்கற வரைக்கும் கையிலயே வச்சிக்கோங்கம்மா."

இருவர் சீட்டில், பெரியவர் உட்காரும் ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார். டிக்கெட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். காதர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். நான் இரண்டு விசில் கொடுத்தேன்.